இரத்தப் பரிசோதனைத் தாளை வாசிக்கத் தெரிந்துகொள்வோம்

சேவூர்ப் பக்கம் விடிந்ததும் பனியன் கம்பெனி வேன்கள் வந்துவிடும். அம்மாவை வேன் ஏற்றிவிட்டு, ஒரு டம்ளர் டீயோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் உண்டு. அப்படி ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி, இரண்டாம் பாடவேளையிலேயே தலையைச் சாய்த்துவிடுவாள். சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவள் அம்மா ஒரு தாளை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குதுனு பாருங்க டீச்சர்" என்றார். ஹீமோகுளோபின் 8.9.

ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் சிவப்பணுப் புரதம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி டெசிலிட்டருக்கு 5 முதல் 11 வயது வரை 11.5 கிராம், 12 முதல் 14 வயது வரை 12 கிராம் இருக்க வேண்டும். 15 வயதிலிருந்து பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. குறைந்தால் இரத்தசோகை, 8-க்கும் கீழே போனால் கடுமையானது. தாளில் பெரியவர்களுக்கான அளவே அச்சாகியிருக்கலாம். பிள்ளையின் வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து எம்.சி.வி. என்ற வரி. இது சிவப்பணுவின் சராசரிப் பருமன். பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை. இரும்புச்சத்து குறைந்தால் அணு சிறுக்கும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் பருக்கும். ஆனால் பெற்றோர் வழி வரும் தலசீமியாக் கூறு உள்ளவர்களுக்கும் அணு சிறுத்தே இருக்கும். அவர்களுக்கு அணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது. எனவே எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பார்ப்பார்கள். 13-க்கு மேல் வந்தால் இரும்புச்சத்துக் குறைவு, கீழே வந்தால் தலசீமியா என்று சந்தேகம் எழும். நம் மாணவிக்கு 68-ஐ 4-ஆல் வகுக்க 17. கணக்கு வகுப்புக்கும் ஆகும் எடுத்துக்காட்டு! உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

மற்ற வரிகளில் ஏதேனும் ஓர் எண் சற்றே தள்ளியிருந்தால் பதற வேண்டாம். நலமாக இருப்பவர்களில் 95 சதவீதத்தினர் அடங்கும் வரம்பையே தாளில் பொதுவாகத் தருகிறார்கள். மீதி ஐந்து சதவீதத்தினரும் நலமானவர்களே.

வாரந்தோறும் நாம் தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. அது தடுப்புக்கு, இரத்தசோகை வந்தபின் அது மட்டும் போதாது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அடுத்த வாரம் ஒளித்துவைப்பார்கள். மதிய உணவுக்குப் பின் கொடுங்கள். மலம் கறுக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உணவோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. நெல்லிக்காய் சேர்த்தால் நன்கு சேரும். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு உண்டா என்பதை ஆசிரியை ஒருவர் தனியே கேட்பது நல்லது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. உயர்நிலைப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று நாம்தான் விசாரிக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்குத் தினசரி மாத்திரையும் குடற்புழு மருந்தும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து 11.6. 12-ஐத் தொட்ட பிறகும், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்பும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.