இருதயத்துக்கு ஓர் ஏற்றச் சோதனை

பிறந்த நாள் முதல் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு இருதயம். உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் அவ்வுறுப்பும் தனக்கு வேண்டிய இரத்தத்தைக் கரோனரி நாளங்கள் என்னும் சிறு குழாய்கள் வாயிலாகவே பெறுகிறது. அக்குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகியுள்ளதா என்பதை ஆராயும் முறைகளுள் ஒன்று டிரெட்மில் சோதனை. மருத்துவமனைகளில் இதனை டி.எம்.டி. என்பர். இதனைக் கேட்டு அஞ்சுவோரும் உளர். ஓட்டப்பந்தயமாக எண்ணுவோரும் உளர். இரண்டும் பொருந்தா.

2007ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றின்படி, முதன்முறை மாரடைப்புக்கு உள்ளாவோரின் சராசரி வயது பிற நாடுகளில் ஏறத்தாழ 59 ஆகவும், தெற்காசியாவில் 53 ஆகவும் இருந்தது. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்து, குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதிலேயே இந்நோய் நம்மவரை அணுகுகிறது. ஆகவே இச்சோதனையைப் பற்றி முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பெங்களூரில் காக்ஸ் டவுனும் அதனை அடுத்த பழைய கண்டோன்மெண்ட் பகுதிகளும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் இடங்கள். அங்குள்ள பெங்களூர் கிழக்கு நிலையத்தின் வழியே செல்லும் பாதையில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவர்கள், இரயில் மேட்டு நிலத்தில் ஏறி வருவதை உணர்ந்திருப்பார்கள். எஞ்சினின் பலவீனம் சமநிலத்தில் தெரிவதில்லை, ஏற்றத்தில்தான் வெளிப்படும். இருதயத்தின் நிலையும் அத்தகையதே. நாம் அமர்ந்திருக்கையில் குறுகிய குழாயும் போதிய இரத்தத்தைத் தந்துவிடும். உழைப்பு மிகும்போதுதான் பற்றாக்குறை தோன்றும். அப்போது இ.சி.ஜி. வரைபடத்தின் கோட்டில் ஒரு பகுதி தாழக்கூடும். மார்பில் வலியோ இறுக்கமோ எழக்கூடும்.

இனி, முன்னேற்பாடுகளைக் காண்போம். சோதனைக்கு முன் இரண்டு, மூன்று மணி நேரம் உணவு கொள்ளலாகாது. காப்பியையும் தேநீரையும் முந்தைய நாளே நிறுத்துமாறு பல இடங்களில் கூறுவர். காலைக் காப்பியின்றி நாள் தொடங்காத நமக்கு இது கடினமே, எனினும் கடைப்பிடிக்கத்தக்கது. புகை கூடவே கூடாது. இரத்த அழுத்த மருந்துகளுள் சில நாடித் துடிப்பை அடக்கி வைப்பவை. அவற்றை நிறுத்துவதா, தொடர்வதா என்பதை டாக்டரே கூற வேண்டும். நாமாக நிறுத்துதல் ஆபத்து. நீரிழிவு உடையோர் உணவையும் மருந்தையும் பற்றித் தனியே கேட்டறிதல் வேண்டும். தளர்ந்த உடையும் காலைப் பற்றி நிற்கும் காலணியும் ஏற்றவை. புடவையைவிடச் சல்வார் கமீஸ் வசதியானது. பெண் பணியாளர் உடனிருக்க வேண்டுமென்று பெண்கள் கேட்பதில் தவறில்லை.

மார்பில் மின்முனைகளை ஒட்டி, முதலில் ஓய்வு நிலையில் வரைபடம் எடுப்பார்கள். இரத்த அழுத்தத்தையும் அளப்பார்கள். பின்னர் நகரும் பட்டையின்மீது நடக்க வேண்டும். அமெரிக்க டாக்டர் ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறையே இன்றும் பெரிதும் கையாளப்படுகிறது. அதன்படி முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். இவ்வாறு படிப்படியாக உயரும். பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித் துடிப்பின் இலக்காகக் கொள்வர். ஐம்பது வயதினருக்கு இது நிமிடத்துக்குச் சுமார் 145. நடை முடிந்த பின்னரும் சில நிமிடங்கள் கண்காணிப்புத் தொடரும்.

இங்கே ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். மார்பு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் ஆகிய எது தோன்றினும் அக்கணமே சொல்லிவிட வேண்டும். வேலைக்கு ஊறு நேருமோ என்று அஞ்சியோ, பிறர் எதிரில் தளரலாகாது என்றோ மறைப்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். நிறுத்தச் சொல்வது தோல்வியன்று. அச்சொல்லும் சோதனையின் முடிவில் ஒரு பகுதியே. பக்கத்தில் நிற்பவருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். ஆகவே கன்னடத்தில் நான்கு சொற்களை அறிந்து செல்வோம்: மார்பு வலிக்கு "எதெ நோவு", மூச்சு முட்டினால் "உசிராடலு கஷ்ட", தலைச்சுற்றலுக்கு "தலெ சுத்து", நிறுத்தச் சொல்ல "நில்லிஸி". நம் மொழிக்கு இவை தொலைவானவை அல்ல. வேறு மாநிலங்களில் வாழ்வோரும் அவ்விடத்து மொழியில் இவற்றைக் கேட்டறியலாம்.

இச்சோதனை முற்றும் பிழையற்றதன்று. நோயின்றியே மாற்றம் தோன்றுவதுண்டு. பெண்களிடம் இது சற்று மிகுதி. சிறிய அடைப்பு இதில் புலப்படாமலும் போகலாம். எனவே, முடிவு நன்றாயிருப்பின் புகைக்கும் உப்புக்கும் உரிமை கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது. மாறாக இருப்பின் மனம் தளரவும் வேண்டா. மேற்கொண்டு செய்யத்தக்கதை டாக்டர் கூறுவார். மூட்டுவலியால் நடக்க இயலாதோருக்கு மருந்து செலுத்திச் செய்யும் சோதனைகளும் உள்ளன. பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஜயதேவா மருத்துவமனை, கர்நாடக அரசைச் சார்ந்த இருதய சிகிச்சை நிலையம்.

ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சை அழுத்தும் வலி தோன்றி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வை பெருகுமாயின் அது சோதனைக்கு நாள் குறிக்கும் வேளையன்று. உடனே 108ஐ அழைத்து மருத்துவமனை சேர்தலே கடமை. வாயுத் தொல்லை என்று காத்திருந்து இழக்கும் நேரம், இருதயத் தசை அழியும் நேரமாகும்.