தலைகீழ் வகுப்பு

ஆசிரியர் விளக்க, மாணவர் குறிப்பெடுக்க, மணியடித்ததும் கலைவதே வகுப்பு என்று பழகிவிட்டோம். பாடத்தை வீட்டிலேயே படித்து வந்து, வகுப்பு நேரத்தை வினாவிற்கும் விவாதத்திற்கும் ஒதுக்கும் முறையும் உண்டு. அதனையே தலைகீழ் வகுப்பு என்கின்றனர்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அறிமுக இயற்பியல் கற்பித்தவர் பேராசிரியர் எரிக் மசூர். கணக்குகளை எளிதாகப் போட்ட அவருடைய மாணவர்கள், பெரிய லாரியும் சிறிய காரும் மோதினால் எது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற வினாக்களில் தடுமாறினர். இரண்டும் சம விசையே செலுத்தும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதி மனப்பாடமாயிற்று, பொருள் விளங்கவில்லை! எனவே 1991-இல் தொடங்கி அவர் முறையை மாற்றினார். வகுப்பில் ஒரு வினா எழுப்புவார். ஒவ்வொருவரும் தனியே விடை சொல்லி, பக்கத்திலிருப்பவரோடு வாதிட்டு, மீண்டும் விடை சொல்வர்.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகள் 2014-இல் தொகுக்கப்பட்டன. விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக 34 விழுக்காட்டினர் தோற்றனர். மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 22 விழுக்காட்டினரே தோற்றனர். 2019-இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வோ வியப்பூட்டுவது. பங்கேற்று அதிகம் கற்றவர்கள், தாம் குறைவாகவே கற்றதாக எண்ணினர்! நல்ல சொற்பொழிவு, எல்லாம் விளங்கிவிட்டதென்ற மயக்கத்தைத் தருகிறது போலும்.

எனினும், மாலையில் வேலைக்குச் செல்லும் என் போன்றோர் எப்போது படித்து வருவது? எங்களை மறந்தால் இம்முறையும் ஏட்டுச் சுரைக்காயே. ஆதலின் இரண்டு பக்க வாசிப்பு, வகுப்பில் பத்து நிமிடம், ஒரே ஒரு வினா என்று தொடங்கலாமே! ஆசிரியப் பெருமக்கள் சிந்திப்பார்களாக.