வாரிசு இல்லாத காவிரிப் புலி!

ஐம்பத்து நாலு கிலோ! உங்கள் செக்ஷனில் ஒல்லியாக ஒருத்தர் இருப்பாரே, கிட்டத்தட்ட அவர் வெயிட். 1946-ல் மைசூர் பக்கம் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டில் போட்டுக் கரையேற்றிய ஒரே ஒரு மீனின் எடை சார் அது! (மிருகங்களைப் 'பாடம்' பண்ணுவதில் பேர்போன குடும்பம் அவருடையது.)

திமில் மாசீர். கெண்டை ஜாதிதான். ஆனால் முதுகில் காளை மாதிரி திமில், ஆரஞ்சு வால். ராகிக் களி உருண்டை என்றால் உயிர். காவிரியையும் அதன் கிளையாறுகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

கர்நாடகத்தில், காவிரிக்கரை காலிபோர் முகாமில் மீனைப் பிடித்து, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவது அப்போது வழக்கமாக இருந்தது. அங்கே 1998-லிருந்து 2012 வரை எழுதி வைத்த கணக்கைப் புரட்டிய விஞ்ஞானிகளுக்குத் திக்கென்றது. மாசீர் எண்ணிக்கை என்னவோ ஏறியிருக்கிறது. ஏறியதெல்லாம் நீலத்துடுப்பு மாசீர்! லோனாவாலாவில் டாடா மின் நிறுவனப் பண்ணையில் பொரித்த இனம். நல்லெண்ணத்தில்தான் காவிரியில் விட்டார்கள். டெபுடேஷனில் வந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்ட கதை! திமில்காரர் வரவர அபூர்வம். சிக்கியதும் பெரிசு பெரிசாக. குட்டிகளைக் காணோம். அதாவது, எல்லாரும் ரிடையராகும் வயசு; புது அப்பாயின்ட்மென்ட்டே இல்லை.

இன்னொரு கூத்து. இவ்வளவு பெரிய மீனுக்கு விஞ்ஞானத்தில் சரியான பேரே கிடையாது! 2007-ல் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களுக்கு, ரெமாதேவி என்ற விஞ்ஞானியைக் கௌரவித்து 'டோர் ரெமாதேவி' என்று பேர் வைத்தார்கள். 'அட, நம்ம திமில் மாசீரும் இதேதான்' என்று மரபணு பார்த்துச் சொன்னது 2018-ல். பேரில்லாதவருக்கு ரேஷன் கார்டு எப்படிக் கிடைக்கும்? அந்த வருஷமே சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் 'மிக ஆபத்தான நிலை' என்று ஏறியது.

சரி, தேறுமா?

என்னைக் கேட்டால், ஃபிப்டி-ஃபிப்டிகூட இல்லை. அணைகள் வழிமறிக்கின்றன, மணல் போகிறது, வெடி வைத்து மீன் பிடிக்கிற புண்ணியவான்கள் வேறு. ஆனாலும் கையை விரித்துவிட முடியாது. மாசீரைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தை லோனாவாலாவிலேயே கைவந்தது. ஆனால் தாய் மீன் அசல் திமில்தானா என்று மரபணு பார்க்காமல் ஆற்றில் விட்டால், பழைய கதைதான் மறுபடி.

பெரிய நம்பிக்கை நம்ம மோயாறு. முதுமலை, சத்தியமங்கலம் புலிக்காடுகளுக்குள் ஓடுகிறது. 2018-ல் இனத்தை உறுதி செய்ய உதவிய மீன்கள் கிடைத்ததும் அங்கேதான். நாலு கால் புலிக்குப் போட்ட காவலில், இந்தத் தண்ணீர்ப் புலியும் ஓசியில் பிழைத்துக் கிடக்கிறது!