விளையாட்டை வாங்கும் பிள்ளையும் விளையாட்டைச் செய்யும் பிள்ளையும்

வாங்கி விற்பவனுக்கும் செய்து விற்பவனுக்கும் உள்ள வித்தியாசம் வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மருதமுனையில் தறி வைத்து நெய்விப்பவர், எந்த நிறத்தில், எந்தக் கரையில், எத்தனை சாரம் வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கிறார். அதை மொத்தமாக வாங்கி அடுக்கி வைப்பவர், வந்த சரக்கை வந்த விலைக்கு எடுத்தே ஆகவேண்டும். செய்யத் தெரிந்தவனின் கையில் ஒரு பிடி இருக்கிறது.

ஆனால் நமது பிள்ளைகள் நாள்தோறும் கையில் வைத்திருக்கும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் நாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் வீடியோ கேம். ரீலோட்டுக்குக் காசு போகிறது, நேரம் போகிறது, கண் போகிறது என்று ஏசுகிறோம். அதைச் செய்பவன் யார், அவன் எப்படிச் செய்கிறான், நம் பிள்ளையால் அது முடியுமா என்று கேட்பதில்லை.

மட்டக்களப்பு - கல்முனை வீதியில் போய் வருபவர்களுக்குக் களுதாவளை புதிய ஊரல்ல. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல் நிலம். வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பேர்போன இடம். அங்கே வெற்றிலை எடுக்கப் போயிருந்தபோது தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "காக்கா, ஏழாம் வகுப்புப் படிக்கிற பொடியன் முழுநாளும் போனோட கிடக்கான். பறிச்சு வச்சா வீட்டில சண்டை. என்னதான் செய்யிற?"

"பறிக்காதீங்க அண்ணன். அதுக்குள்ள இருக்கிற விளையாட்டு ஒண்டைச் செஞ்சு காட்டச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்தார். அவருக்கு அன்று விளக்கிய விடயத்தை உங்களுக்கும் சொல்கிறேன். இது நம் எல்லோருடைய வீட்டுப் பிரச்சினை.

பிள்ளைகளுக்கான கருவி

சிறுவர்களும் கணினிக்குக் கட்டளை எழுதலாம் என்ற யோசனை இன்று நேற்று வந்ததல்ல. சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவரது சகாக்களும் 1967இல் அமெரிக்காவில் 'லோகோ' என்ற மொழியைச் சிறுவர்களுக்காகவே உருவாக்கினார்கள். அவர் வழியில் வந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழு, எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப்பிலிருந்து 2007இல் 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருளை வெளியிட்டது. 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது அது. இதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை.

இதில் ஆங்கிலத்தில் நீண்ட வரிகளை எழுத வேண்டியதில்லை. 'பத்தடி நகரு', 'சுவரில் முட்டினால் திரும்பு', 'இதை ஐந்து முறை செய்' என்பன போன்ற கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். அவற்றைச் சுட்டியால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்த வேண்டும். பொருந்தாத கட்டை ஒட்டாது. எழுத்துப் பிழையால் வேலை நின்றுபோகும் தொல்லை கிடையாது.

வெற்றிலைத் தோட்டத்தை விளையாட்டாக்கினால்

களுதாவளைப் பிள்ளை ஒருவர் தன் தகப்பனின் தோட்டத்தையே விளையாட்டாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 1,000 ரூபா. ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் கொடி வாடும். பறித்த இலையைச் சில நாட்களுக்குள் விற்க வேண்டும், இல்லையேல் பழுதாகும். சந்தை விலை தினமும் மாறும். இதற்குக் காசு, இலை, தண்ணீர் என்று மூன்று 'மாறி'கள் போதும். விலையை எழுமாறாகக் கொடுக்கவும் ஸ்கிராட்சில் ஒரு கட்டை இருக்கிறது.

செய்து முடித்ததும் கூட்டாளியிடம் விளையாடக் கொடுப்பார். எல்லோரும் இலகுவாக வென்றால் இரண்டே நாளில் அலுத்துவிடும். எல்லோரும் தோற்றால் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். நடுவே ஓர் அளவைப் பிடிக்க வேண்டும். பொருளுக்கு விலை வைக்கும்போது நாம் தேடுவதும் இதே அளவைத்தானே!

ஒரு கட்டத்தில் காசு பூச்சியத்துக்குக் கீழே போயும் விளையாட்டு நிற்காமல் ஓடும். அதைக் கண்ட பிள்ளை கேட்பார்: கையில் காசு இல்லாதவன் எப்படிச் சரக்கு வாங்குகிறான்? கடன் என்றால் கொடுத்தவர் யார்? திருப்பிக் கொடுக்கும் நாள் எது? வாங்கியவன் பயிர் அழிந்தால் என்ன? கடைக் கொப்பியைப் பத்து வருடம் புரட்டியவர்களுக்கு வரும் கேள்விகள் பதின்மூன்று வயதில் வருகின்றன. பாடம் இதுதான், கணினி அதற்கு ஒரு சாக்கு.

இது வெறும் ஆசைப் பேச்சல்ல. யஸ்மின் கஃபாய் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பாடசாலையொன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேரிடம், கீழ் வகுப்பாருக்குப் பின்னக் கணக்கைக் கற்பிக்கும் விளையாட்டுகளை லோகோ மொழியில் செய்யச் சொன்னார். பிள்ளைகள் மாதக்கணக்கில் அதில் ஈடுபட்டார்கள். 1995இல் அது நூலாக வெளிவந்தது. தம்பிக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் முதலில் தனக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பதே அங்கு நடந்த வியாபாரம்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது?

நமது அரசாங்கப் பாடசாலைகளின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஸ்கிராட்ச் ஏற்கெனவே இருக்கிறது. கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்ட 'நெனசல' அறிவகங்கள், 2014இல் பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதைப் பெற்றன. வடக்கே யாழ் ஐ.ரி. ஹப் அமைப்பு பாடசாலை மாணவருக்கும் தொழினுட்பப் போட்டிகளை நடத்தியிருக்கிறது. மட்டக்களப்பிலேயே 'ட்ரீம்ஸ்பேஸ் அக்கடமி' இளைஞர்களுக்குக் கைவேலையோடு தொழினுட்பம் கற்றுக்கொடுக்கிறது. வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாடநூலில் உள்ளதைப் பிள்ளை கையால் செய்து பார்க்க ஓர் இடமும் நேரமும்தான் வேண்டும்.

அங்கேதான் வியாபாரிகளாகிய நமக்கு வேலை இருக்கிறது.

முதலாவது, கடையில் பில் போட்டுப் பழசாகி ஒதுக்கிய கணினிகள். 2009இல் வந்த ஸ்கிராட்ச் 1.4 பதிப்பு பழைய இயந்திரங்களிலும் ஓடும், இணையமும் தேவையில்லை. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதே நல்லது. ஒருவர் செய்ய மற்றவர் பிழை பிடிப்பார்.

இரண்டாவது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள், யுவதிகள். சிறிய மாதாந்தக் கொடுப்பனவு கொடுத்தால் சனிக்கிழமை இரண்டு மணிநேரம் வகுப்பு நடத்த அவர்களால் முடியும்.

மூன்றாவது, மாடியில் சும்மா கிடக்கும் ஓர் அறை. களுதாவளைத் தோட்டக்காரரின் பிள்ளையும் கல்முனைக் கடைக்காரரின் பிள்ளையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். நமக்குள் கொடுக்கல் வாங்கல் காலங்காலமாக உண்டு. பிள்ளைகளுக்குள்ளும் அது தொடரட்டும். பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் இது.

ஏமாறாமல் இருக்க

'மூன்று மாதத்தில் உங்கள் பிள்ளை மென்பொருள் பொறியியலாளர்' என்று பெருந்தொகை கேட்பவர்களிடம் சான்றிதழைக் கேட்காதீர்கள். பிள்ளைகள் செய்த விளையாட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதை நீங்களே விளையாடிப் பாருங்கள். காட்ட எதுவும் இல்லையென்றால் காசைப் பையிலேயே வையுங்கள்.

அடுத்து, ஸ்கிராட்சில் செய்தது விற்பனைச் சரக்கல்ல, அது பட்டறை. விற்க வேண்டுமானால் பிற்காலத்தில் வேறு கருவிகளைக் கற்க வேண்டும். அப்போதும் கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டொலர், ஸ்டீம் தளத்தில் ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் என்று முதல் போட வேண்டியிருக்கும். மைன்கிராஃப்டைச் செய்த சுவீடன் நிறுவனத்தை மைக்ரோசொஃப்ட் 2014இல் 250 கோடி டொலருக்கு வாங்கியது உண்மை. அப்படி வென்றவர் ஒருவர் என்றால், விலைபோகாதவர் ஆயிரக்கணக்கானோர்.

வியட்நாமின் டொங் நுயன் என்ற இளைஞரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் தனியாளாகச் செய்து 2013இல் வெளியிட்ட 'ஃப்ளாப்பி பேர்ட்' விளம்பரங்களால் நாளொன்றுக்கு 50,000 டொலர் உழைப்பதாகச் செய்தி வந்தது. 2014 பெப்ரவரியில் அவரே அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார். மக்கள் அதற்கு அடிமையாகிவிட்டார்கள் என்பதே அவர் சொன்ன காரணம். இலாபம் வரும் சரக்கெல்லாம் விற்கத் தகுந்த சரக்கா என்ற கேள்வி நமது தொழிலிலும் உண்டு. அதைச் சின்ன வயதிலேயே, தான் செய்த பொருளை வைத்துக் கேட்கப் பழகிய பிள்ளை நாளை நல்ல வியாபாரியாகவும் வருவான்.

எட்டு சனிக்கிழமை, நான்கு பழைய கணினி, எட்டுப் பிள்ளைகள். இதற்குப் போகும் முதல், பெருநாள் காலத்தில் கடை வாசலில் கட்டும் அலங்கார விளக்குச் செலவை விடப் பெரிதாக இராது. இந்த மாதக் கணக்கை முடிக்கும்போது அந்தப் பழைய கணினி எந்த மூலையில் கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.