அடுத்தவர் பென் டிரைவுக்குள் போன பத்திரங்கள்

ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டு விறாந்தையில் மடிகணினியும் ஸ்கானரும் வைத்து, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் இருக்கும் ஆவணங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தோம். முறைப்பாட்டுக் கடிதங்கள், பொலிஸ் துண்டுகள், முகாம் அட்டைகள், பள்ளிக்கூடப் படங்கள். பல, 2009இல் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கொண்டுவரப்பட்டவை. நண்பர் ஒருவர் சி மொழியில் எழுதித் தந்த சிறிய மென்பொருள், எல்லாவற்றையும் 'பிரதிகள்' என்ற கோப்புறையில் சேமிக்கும். அப்படியொரு கோப்புறை இல்லாவிட்டால் தானே உருவாக்கும்.

மாலையில் பார்த்தால், மதியத்துக்குப் பிறகு எடுத்த எதுவும் அங்கில்லை. "தம்பி, என்ர பிள்ளையின்ர படமும் போச்சுதோ?" என்று ஒரு அம்மா கேட்டார்.

அழியவில்லை, இடம் மாறிவிட்டன. மதியம் ஒருவர் மகளின் படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். 'கோப்பைத் திற' பெட்டியில் அதைத் தெரிவுசெய்த கணத்திலிருந்து, மென்பொருள் அந்தப் பென் டிரைவிலேயே 'பிரதிகள்' கோப்புறையை உருவாக்கி எழுதியிருக்கிறது. மாலை அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முத்தையன்கட்டுக்குப் போய்விட்டார். விசாரணை என்று யாரும் வீட்டுக்கு வரலாம் என்ற பயத்தோடு வாழும் குடும்பங்களின் பெயர், முகவரி எல்லாம் அதில் இருந்தன.

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'நடப்புக் கோப்புறை' என்று ஒன்று உண்டு. முழு முகவரி இல்லாமல் வெறுமனே 'பிரதிகள்' என்றால் கணினி அங்கிருந்துதான் தேடும். "இடப்பக்கம் இரண்டாவது ஒழுங்கை" என்பது போலத்தான். எந்தச் சந்தியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து வீடு மாறும். யூனிக்ஸிலும் லினக்ஸிலும் 'சிஎச்டிர்', விண்டோஸில் 'செட்கரண்ட்டிரெக்டரி' என்ற அழைப்புகள் இதை மாற்றும். விண்டோஸின் பழைய 'திற' பெட்டியோ நாம் கேட்காமலே மாற்றிவிடக்கூடும். மாற்றாதே என்று சொல்ல ஒரு கொடி உண்டு. 'திற' பெட்டிக்கு அது பயன்படாது என்று மைக்ரோசொப்ட்டின் ஆவணமே சொல்கிறது! இந்த அமைப்பு மென்பொருள் முழுவதற்கும் பொது. ஒரு பகுதி மாற்றினால், பக்கத்தில் ஓடும் இன்னொரு பகுதியின் கோப்புகளும் இடம் மாறும்.

ஆனால் மென்பொருள் தொடங்கிவிடும் இன்னொரு மென்பொருள் தன் கோப்புறையை மாற்றினால், தாயுடையது மாறாது. யூனிக்ஸை உருவாக்கியவர்களே இதில் தடுக்கி விழுந்தார்கள். பிடிபி-7 கணினியில் கட்டளைகளைத் தனிச் செயல்முறைகளாக ஓடவிட்டதும் கோப்புறை மாற்றும் கட்டளை வேலை செய்யாமல் போனதை டெனிஸ் ரிச்சி எழுதியிருக்கிறார். இன்றும் 'சிடி' கட்டளை ஷெல்லுக்குள்ளேயே இருப்பது அதனால்தான்.

இப்போது எங்கள் மென்பொருள் தொடங்கும்போதே சேமிக்கும் இடத்தின் முழு முகவரியைக் கேட்டு வைத்துக்கொள்கிறது. எழுதும் ஒவ்வொரு தடவையும் அதையே பயன்படுத்துகிறது. கோப்புறையை மாற்றத்தான் வேண்டுமென்றால் தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும், அதுவும் திரும்பி வரும் எண்ணைப் பார்த்து. யூனிக்ஸில் 0 என்றால் வெற்றி, விண்டோஸில் 0 என்றால் தோல்வி. பார்க்காமல் விட்டால் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

அடுத்த நாள் காலை முத்தையன்கட்டுக்குப் போனோம். அவர் பென் டிரைவைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. பிரதிகளை எடுத்துக்கொண்டு, அவர் கண்முன்னே அதிலிருந்தவற்றை அழித்தோம். நடந்ததை ஒவ்வொரு குடும்பத்திடமும் போய்ச் சொல்லி முடிக்க இன்னும் இரண்டு நாள் எடுத்தது.