இரண்டாம் முறை வரும் டிங்கி

"எனக்கு ஒரு தடவை டிங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது, இனி பயமில்லை" என்று நம் தோட்டங்களில் சிலர் சொல்வதுண்டு. தட்டம்மைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு டிங்கிக்குப் பொருந்துமா என்று இன்று பார்ப்போம்.

பினாங்குக்கு டிங்கி புதிதன்று. இங்கே அந்நோய் கண்டதை 1902ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏடு பதிவு செய்திருக்கிறது. அன்று அது மூட்டுகளை முறித்துப்போடும் காய்ச்சலாகவே அறியப்பட்டது. 60 ஆண்டுகள் கழித்து, 1962இல், இரத்தக்கசிவோடு உயிரைப் பறிக்கும் கடுமையான டிங்கி, மலாயாவில் முதன்முதலாக இதே பினாங்கில் தலைகாட்டியது. ஒரே நோய் சிலரிடம் மட்டும் இப்படிக் கடுமையாவது ஏன்?

டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. அண்ணன் தம்பிகளைப்போல் சாயல் ஒன்று, ஆள் வேறு. ஒரு வகை தாக்கும்போது, அதை எதிர்க்கும் பொருள் நம் இரத்தத்தில் உண்டாகிறது. அதே வகை மறுபடி நம்மை வாட்டுவது அரிது. மற்ற மூன்று வகைகளுக்கோ சில மாதங்கள் மட்டுமே பாதுகாப்பு.

பிறகு வேறொரு வகை நுழைந்தால், பழைய எதிர்ப்புப் பொருள் அதைப் பற்றிக்கொள்ளும். அழிக்கும் வலு இராது. பற்றிய கிருமியை வெள்ளை அணுக்கள் விழுங்கும். அங்கேயே கிருமி பெருகும். காவற்காரனே திருடனை வீட்டுக்குள் அழைத்துவந்த கதைதான். உடலின் போராட்டம் அளவு மீறும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்தத்திலுள்ள நீர் வெளியேறுகிறது.

கியூபா நாட்டில் 1977இல் முதல் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் மாண்டனர். கடுமையாக நோயுற்றவர்களில் பெரும்பாலோர் முன்பே டிங்கி கண்டவர்கள். இரண்டாம் முறை வந்தால் எல்லோருக்கும் ஆபத்து என்பதில்லை. முதல் முறையிலேயே ஆபத்து வருவதும் உண்டு.

தாய்மார்களே, காய்ச்சல் தொடங்கிய 3ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரை கவனம் தேவை. சூடு தணிந்ததென்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் அந்த நாளே நீர் கசியத் தொடங்கும் நாளாக இருக்கலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு, கைகால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவேண்டாம், அது இரத்தக்கசிவை மிகுவிக்கும். நீராகாரம் நிறையக் கொடுங்கள். முன்பு டிங்கி வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

மழை விட்டதும் வீட்டைச் சுற்றிக் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பால்மரத்து மங்கு ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். கொசு பெருக இடமில்லாவிட்டால் நான்கு வகையும் நம்மை நெருங்குவது கடினம்.