மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை
வீடும் நிலமும் தேடிய ஒன்றரை வருட அனுபவம்

காஞ்சிபுரத்தில் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் குடியிருந்த வீட்டில் செங்கல் எங்களுடையது, ஓடு எங்களுடையது, தறிக்குழி எங்களுடையது. மண் மட்டும் கோயிலுடையது. மாசாமாசம் அடிமனை வாடகை கட்டுவோம். கோயில் ஊரில் இப்படி எத்தனையோ குடும்பம் உண்டு. அதை நான் பெரிதாக நினைத்ததே இல்லை.

நினைக்க வைத்தது விவசாயம்தான். தறியை விட்டுவிட்டு ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து இயற்கை வழியில் இறங்கினேன். பல தானியம் விதைத்து மடக்கி உழுதேன். ஆட்டுக்கிடை போட்டேன், ஜீவாமிர்தம் விட்டேன். மூன்றாம் வருஷம் மண்ணைக் கையில் அள்ளினால் புழு நெளிந்தது. அந்த வருஷமே நிலத்துக்காரர், "தம்பி, மனை போடப் போறோம், அறுப்பு முடிஞ்சதும் விட்டுடுங்க"ன்னு சொல்லிட்டார். அவர் நிலம், அவர் உரிமை. ஆனால் மூன்று வருஷ மண்ணை நான் மூட்டை கட்டி எடுத்து வர முடியுமா?

அன்றைக்கு முடிவு செய்தோம். சின்னதாக இருந்தாலும் சரி, வீடும் நிலமும் ஒட்டி இருக்கிற சொந்த இடம் வேண்டும்.

உத்திரமேரூர் பக்கம் தேடினோம். அந்த ஊர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. சுமார் 1,100 வருஷத்துக்கு முன்னால், கி.பி. 920-ஐ ஒட்டி வெட்டியது. ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலையில் பேர் எழுத வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டி வாழ வேண்டும் என்கிறது. நிலம் இல்லாதவரை ஒதுக்கிய விதி அது, பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. அந்தக் காலத்திலேயே வீடு, நிலம், ஏரி மூன்றையும் சேர்த்தேதான் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் பார்க்காமல் விட்டது மூன்றாவதை.

முதல் இடம்: ஏமாந்தது

பங்குனி மாதம். ஓட்டு வீடு, பக்கத்திலேயே 60 சென்ட் புஞ்சை. தரகர், "சுத்தமான பட்டா சார், இன்னைக்கு விட்டா நாளைக்கு இல்ல"ன்னார். 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். ஒரு வெள்ளைத் தாளில்கூட எழுதி வாங்கவில்லை.

மறுநாள் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இங்கயா தம்பி வாங்கறீங்க? ஏரி ரொம்பி கலங்கல் போச்சுன்னா தண்ணி இந்த வழியாத்தான் போவும்"னார். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புலப்படத்தைப் பார்த்தோம். நிலத்தின் குறுக்கே ஒரு போக்குக் கால்வாய் வரைந்திருந்தது. தரையில் அதைக் காணோம், மூடி உழுதிருக்கிறார்கள். ஏரி நிலத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் தண்ணி வரும். வேகவதி ஆற்றோரம் வீடு கட்டி வெள்ளத்தில் தவித்தவர்களைக் காஞ்சிபுரத்தில் பார்த்தவன்தானே நான்! முன்பணம் போனது போனதுதான்.

இரண்டாம் இடம்: கையெழுத்து குறைந்தது

நல்ல செம்மண், நல்ல கிணறு. விற்பவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. ஆனால் தாய்ப்பத்திரம் தாத்தா பேரில் இருந்தது. வாரிசுச் சான்று கேட்டோம். அதில் ஒரு அக்கா இருந்தார். "அவங்களுக்குக் கல்யாணத்துலயே செஞ்சிட்டோம்"னாங்க. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் சட்டம் வந்துவிட்டது. கல்யாணச் சீர் அந்தப் பங்குக்கு ஈடாகாது. அக்கா கையெழுத்துப் போட்டால்தான் வாங்குவோம் என்றோம். அவர்கள் சம்மதிக்கவில்லை, நாங்கள் திரும்பிவிட்டோம். என் மனைவி சொன்னது: "இன்னொருத்தி பங்குல நாம வெதைக்க வேணாங்க."

வாங்குவதற்கு முன்

இந்த இரண்டு அடியில் கற்றதைத் தேடப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

• பத்திரம் தனி, பட்டா தனி. இரண்டிலும் பேர், சர்வே எண், பரப்பு ஒத்துப்போக வேண்டும். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் (யூ.டி.ஆர்.) பேர் மாறிய பட்டாக்கள் நிறைய. பழைய பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள்.

• வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 30 வருஷத்துக்காவது பாருங்கள்.

• அ-பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். ஏரி உள்வாய், மேய்க்கால், வண்டிப்பாதை, கோயில் இனாம் என்று இருந்தால் விலகிவிடுங்கள். கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையர் அனுமதியில்லாமல் விற்றால் 1959-ஆம் வருஷச் சட்டப்படி செல்லாது.

• வீடு கிராம நத்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வயலைக் கூறுபோட்ட அங்கீகாரமில்லாத மனையைப் பதிவதற்கு 2016 அக்டோபரிலிருந்து தடை இருக்கிறது.

• நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பு ஏதும் உண்டா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு 2022-இல் 13 கிராமங்களைக் குறித்தார்கள். ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரிக்கும் வயலுக்கும் எத்தனை நாளாகப் போராடுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

• செலவைக் கணக்குப் போடுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். ஆக லட்சத்துக்கு 9,000 ரூபாய். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

• காகிதம் முடிந்த பிறகு மண்ணுக்கு வாருங்கள். பக்கத்து வயல்காரர் என்ன தெளிக்கிறார், அவர் தண்ணி நம் பக்கம் வடிகிறதா, வரப்பில் உயிர்வேலி வைக்க இடம் உண்டா, மாட்டுவண்டி வர வழி உண்டா?

மூன்றாம் இடம்

கார்த்திகை மழையில் போய்ப் பார்த்தோம். பழைய ஓட்டு வீடு, 45 சென்ட், ஒரு கிணறு, ரெண்டு புளியமரம். மழை கொட்டும்போது வீட்டைச் சுத்தி நடந்தேன். தண்ணி எங்கேயும் நிற்காமல் ஏரி பக்கம் ஓடியது. காகிதமும் சரியாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்கார அம்மாவிடம், "வெயில்லயும் ஒருதடவ பாத்துட்டு சொல்றோம்மா"ன்னு கேட்டோம். தரகருக்குக் கோபம். அந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மாடு வெச்சுப்பீங்களா?" வைப்போம் என்றேன். "அப்ப வெயிலு வரட்டும்"னு சொல்லிட்டார்.

வைகாசியில் போனோம். கிணற்றில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணி கிடந்தது. ஒப்பந்தம் எழுதிப் பதிந்தோம். ஆவணியில் என் மனைவி பேரில் கிரயம் முடிந்தது.

குத்தகைக்காரர் மாற்றி மாற்றி உப்பு போட்ட மண், இறுகிக் கிடக்கிறது. ஒரு மண்புழு கண்ணில் படவில்லை. பல தானியம் விதைத்திருக்கிறோம். பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். மூன்று வருஷம் ஆகும், ஆகட்டும். இந்த முறை யாரும் வந்து விடச் சொல்ல மாட்டார்கள்.